வலுவூட்டல்: சொல்லும் தோட்டத்துப் ‘பேரும்’

‘எம்பவர்மென்ட்’ என்பதற்கு இலங்கை அரச ஆவணங்களில் நிலைத்துவிட்ட தமிழ்ச்சொல் வலுவூட்டல். தமிழ்நாட்டில் ‘அதிகாரமளித்தல்’ என்றும் எழுதுவார்கள்.

‘எம்பவர்’ 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், ஒரு காரியத்தைச் செய்யச் சட்டப்படி உரிமை கொடுப்பதைக் குறித்தது. அதற்குள் இருக்கும் ‘பவர்’ வந்தது ‘இயலும்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து. ஆகவே அதன் வேரில் இருப்பது இயலுமை. ‘அதிகாரம்’ அதைத் தொடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால், தோட்டத்தை நிர்வகிக்கும் துரைதான் நினைவுக்கு வருவார். ‘வல்’ என்னும் அடியிலிருந்து வலு, வலிமை, வல்லமை எல்லாம் கிளைத்தன. ஆதலால் வலுவூட்டல் பொருத்தமான சொல்லே. குறை பின்பாதியில் இருக்கிறது. ‘ஊட்டு’ என்பது ‘உண்’ணின் பிறவினை: ஊட்டுபவர் ஒருவர், உண்பவர் இன்னொருவர்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இதே பொருளுக்கு மிக நெருங்கி நிற்கும் சொல் ‘பேர்’. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், பெயருக்கு நேரே பதிவாகும் ஒரு நாள் வேலைதான் பேர். ஒரு நாளைக்குக் கொய்யவேண்டும் என்று தோட்டம் வைத்த நிறை 18 கிலோ என்றால், கொழுந்து அதற்குக் குறையும் நாளில் பல தோட்டங்களில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் கொய்பவரின் கையில் இல்லை. வறட்சி மாதத்தில் கொழுந்து வராது. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையிலும் புல் மண்டிய மலையிலும் கூடை நிறையாது. நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பார்கள். எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதைத் தராசடியிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். சம்பள நாளில் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். ஓர் அரைப்பேருக்கு 675 ரூபாய் போகும். அது கண்ணுக்குத் தெரியும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேரவேண்டும். அந்த 675க்கு உரிய 135 ரூபாயும் சேராமல் போவது கண்ணுக்குத் தெரியாது. மாதம் மூன்று அரைப்பேர் விழுந்தால் சம்பளத்தில் 2,025 ரூபாயும் நிதியில் 405 ரூபாயும் குறையும்.

தோட்டத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984இல்தான். அதன் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் தொடர்ந்தது. உழைப்பு அவளுடையது, பேரும் அவளுடையது, காசு மட்டும் வேறு கையில். வேலைக்குப் போனாலே பெண் வலுப்பெற்றுவிடுவாள் என்ற பேச்சு இங்கேதான் பொய்த்துப்போகிறது.

காசு அவள் கைக்கே வரும்போது, தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயமே மாறும். பத்துப் பெண்கள் மாதம் 2,000 ரூபாய் போட்டுச் சீட்டுப் பிடித்தால், ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டுக்கு 20,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். ஒழுகும் தகரத்தை மாற்றலாம், வட்டிக்கடைக்குப் போகாமல் பிள்ளையின் பரீட்சைச் செலவைப் பார்க்கலாம். இதற்கெல்லாம் அடித்தளம், தோட்டத்தின் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவம். அங்கே பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத நாளில் தாய் பேரை இழப்பாள், இல்லையென்றால் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை இழப்பாள்.

1930களில் தொழிற்சங்கப் போராளி மீனாட்சியம்மாள் நடேசய்யர் பாட்டுப் பாடித் தோட்டத் தொழிலாளரைத் திரட்டினார். அங்கே நடந்ததை ‘ஊட்டல்’ என்று சொல்ல மனம் வரவில்லை. அரச திட்டத்தின் பெயருக்கு வலுவூட்டல் இருக்கட்டும்; பெண்களே சேர்ந்து செய்வதற்கு ‘வலுப்பெறல்’ என்று எழுதுவதே சரி.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, செக்ரோலில் இன்னொரு எழுத்து என்று பலருக்குப் பெயர் மாறிக் கிடக்கிறது. பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியைக் கோரலாம். அப்போது இந்த ஓர் எழுத்தே பணத்தை இழுத்தடிக்கும். வேலையில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.