ஊரில இருக்கிற கமராவை ஸ்காபரோவில இருந்து பாக்க ரவுட்டருக்குள்ள என்ன நடக்கோணும்?

கொக்குவில் வீட்டில கமரா போட்டாச்சு, வீட்டு வைஃபையில போனில பாத்தா வடிவாத் தெரியுது, ஆனா கனடாவில ஸ்காபரோவில இருக்கிற மகன் அதே 192.168.1.64ஐ அடிச்சா ஒண்டும் வருதில்லை. யாழ்ப்பாணத்தில கன வீடுகளில இதே பிரச்சினைதான்.

இன்டர்நெட்டில பாவிக்கிற ஐபிவி4 முகவரி 32 பிட், மொத்தமே கிட்டத்தட்ட 430 கோடிதான், உலகத்தில உள்ள போன், டிவி, லப்டொப் எல்லாத்துக்கும் அது காணாது. அதால 1994ல நெட்வேர்க் அட்ரஸ் ட்ரான்ஸ்லேசன், சுருக்கமா நாட் எண்ட முறையை எழுதி வெளியிட்டினம். 192.168 எண்டு தொடங்கிற முகவரி உங்கட வீட்டிலயும் இருக்கும், பக்கத்து வீட்டிலயும் இருக்கும், வெளி இன்டர்நெட்டில அதுக்குப் பாதையே இல்லை.

உங்கட போன் ஒரு வெப்சைட்டைக் கேக்கேக்க ரவுட்டர் அந்தப் பாக்கெட்டில (தரவைக் கொண்டுபோற சின்னப் பொதி) இருக்கிற போன்ர முகவரியை எடுத்துப்போட்டு தன்ர பொது முகவரியைப் போடும், தேவையெண்டா போர்ட் நம்பரையும் (ஒரே முகவரியில எந்தத் தொடர்பு எண்டு பிரிச்சுக் காட்டிற நம்பர்) மாத்தும், 40001 போர்ட்டுக்கு மறுமொழி வந்தா 192.168.1.20க்குக் குடுக்கோணும் எண்டு தன்ர மெமரியில ஒரு அட்டவணையில எழுதியும் வைக்கும். போர்ட் நம்பர் 65535 வரைக்கும் போறதாலதான் ஒரே முகவரியில வீடு முழுக்கப் பாவிக்க ஏலுது, இவ்வளவும் கண் மூடித் திறக்கமுதல் நடந்து முடியுது, உண்மையா அழகான வேலை.

ஆனா மகன் ரவுட்டரின்ர பொது முகவரியை அடிச்சாலும், அவற்ர பாக்கெட் வெளியில இருந்து முதல்முதலா வருது, அட்டவணையில அதுக்கு வரியே இல்லை, ரவுட்டர் அதை விட்டிடும். போர்ட் ஃபோர்வேர்டிங் எண்டது அந்த வரியை நாங்களே கையால எழுதி வைக்கிறதுதான்: 8000 போர்ட்டுக்கு வாறதெல்லாம் 192.168.1.64க்கு. 192.168.1.64 எண்டது கமராப் படத்தைப் பதியிற டிவிஆர் பெட்டியின்ர முகவரி, முதல் அதை ரவுட்டரில டிஎச்சிபியில (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி குடுக்கிற பகுதி) நிரந்தரமாப் பதிஞ்சு வையுங்கோ, இல்லாட்டி கரண்ட் போய் வந்தாப் பிறகு டிவிஆர் வேற முகவரி எடுத்திடும், வரி பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிக்கும். சோதிக்கேக்க வைஃபையை நிப்பாட்டிப்போட்டு மொபைல் டேட்டாவில பாருங்கோ, சில ரவுட்டர் உள்ள இருந்து தன்ர பொது முகவரிக்குப் போய்த் திரும்பி வர விடாது.

எல்லாம் சரியாச் செய்தும் வரேல்லையோ, ரவுட்டர் செட்டிங்கில வான் ஐபியை (WAN IP, ரவுட்டரின்ர வெளிப்பக்க முகவரி) பாருங்கோ. 100.64இல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவது இருந்தா இன்டர்நெட் கம்பனிப் பக்கத்தில இன்னொரு நாட் இருக்கு, 2012ல இதுக்கெண்டே ஒதுக்கின முகவரிகள் அது, 4ஜி ரவுட்டரில அனேகமா இப்பிடித்தான். அங்கத்தை அட்டவணையில நீங்கள் வரி எழுத ஏலாது, கம்பனியிட்டப் பொது ஐபி கேட்டு வாங்கோணும்.

இன்னொண்டு, தயவுசெய்து கமராவை அப்பிடியே உலகத்துக்குத் திறந்து விடாதேங்கோ. 2016ல மிராய் எண்ட மல்வெயார் ஃபக்டரி பாஸ்வேர்ட் மாத்தாத கமராக்களையும் டிவிஆர்களையும் பிடிச்சுத்தான் பெரிய பெரிய வெப்சைட்டுகளை முடக்கினது. பாஸ்வேர்ட்டை மாத்துங்கோ, ஏலுமெண்டா கமராவுக்கு வரி எழுதாம வயர்கார்ட் விபிஎன்னுக்கு (வெளியில இருந்து வீட்டு நெட்வேர்க்குக்குள்ள வர பூட்டுப் போட்ட தனிப்பாதை) மட்டும் 51820 யுடிபி போர்ட்டைத் திறந்து, மகனை அதுக்குள்ளால வரச் சொல்லுங்கோ, சரியான கீ இல்லாம வாற பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே குடுக்காது.