அந்தப் புண்ணுக்கு எத்தனை நாளாச்சு?

போன வாரம் வந்த அம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். "நாக்குல புண்ணு, ஆறவே மாட்டேங்குது டாக்டரம்மா." மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். பிதுக்கி முடித்த ஜெல் டியூப் நான்கு, பிரிக்காத டியூப் ஒன்று, பி காம்ப்ளக்ஸ் அட்டைகள், இரண்டு டாக்டர்களின் சீட்டு. நான்கு மாதக் கதை.

"வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாங்களா?"

"இல்லம்மா, சொன்னதைக் கேட்டு எழுதிக் கொடுத்தாங்க."

நாக்கைத் துணியால் பிடித்து ஓரமாக இழுத்தேன். பக்கவாட்டில், பின்பக்கமாக, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். ஓரம் தடித்து, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. தாடைக்குக் கீழே நெறியும் கட்டியிருந்தது. இந்த வருடத்தில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது ஆள்.

எனக்கு எரிச்சல் வருவது 'சூடு' என்ற ஒரு சொல்லால்தான். வாயில் எது வந்தாலும் உடம்புச் சூடு, இல்லாவிட்டால் வயிற்றுப் புண். இளநீர் குடி, மணத்தக்காளிக் கீரை சாப்பிடு. கீரையை வேண்டாம் என்று யார் சொன்னது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் சாதாரண வாய்ப்புண் சுரீரென்று வலிக்கும், பெரும்பாலும் பத்து நாளில் ஆறிவிடும், அடுத்த முறை வேறு இடத்தில் வரும். நான் பயப்படுவது ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு நகராத புண்ணுக்கு. அது புற்றுநோயாக இருக்கலாம், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. "வலியே இல்லையே டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வலி இருந்தாலும் ஜெல் அதை மரத்துப்போக வைக்கும், புண் தன்பாட்டுக்கு வளரும்.

எங்கள் ஆட்களை, பல் டாக்டர்களையும் சும்மா விட முடியாது. பல் கூராக இருக்கிறது, அது குத்தித்தான் புண் என்று பல்லைத் தேய்த்துவிட்டு அனுப்புகிறோம். சரி, அப்புறம் கூப்பிட்டுப் பார்த்தோமா? இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் பல்லின் மேல் பழி போடாதீர்கள், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்பது கட்டுக்கதை.

வாயைப் பார்க்கப் பெரிய படிப்பும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக வாய்க்குள் பார்க்க வைத்தார்கள். புகையிலை, மது பழக்கம் இருந்தவர்களில் வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-ல் வெளியான முடிவு இது.

வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல அகலமாகத் திறக்காதது – எதுவானாலும் காட்டுங்கள். "புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்பவர்களும் காட்டுங்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே அறிவித்தாகிவிட்டது. மெடிக்கல் ஷாப் தம்பிகளே, இரண்டாவது டியூப் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள், ப்ளீஸ்.

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டார். பிரிக்காத டியூப் மட்டும் கையில் இருந்தது.

"இதைக் கடையில் திருப்பி எடுத்துக்குவாங்களாம்மா?"