விதைக்குக் காசு கொடுக்கும் முன் பூவைப் பாருங்கள்

ஆடிப்பட்டம் நெருங்கினால் வீட்டுத் தோட்டக்காரர்கள் விதைக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போன ஆண்டு வாங்கிய அதே தக்காளி, அதே பூசணி, அதே அவரை. இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையே இல்லை. ஆனால், முற்றிய காயின் விதையை உலர்த்தி வைத்தால் போதும் என்று நம்பி இறங்குகிறவர்களில் பலர் அடுத்த ஆண்டு ஏமாந்து, மறுபடி கடைக்கே போகிறார்கள். விதை தாய்ச்செடியைப் போலவே வருமா என்பது அதன் பூவிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் பாக்கெட்டைப் பாருங்கள். எஃப்1 அல்லது ஹைபிரிட் என்று அச்சிட்டிருந்தால், அது தலைமுறைதோறும் மாறாமல் வரும் இரண்டு தூய வரிசைகளை, ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்த்துக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. செடிகள் எல்லாம் ஒரே சீராக இருக்கும், நன்றாகக் காய்க்கும். சிக்கல் அடுத்த தலைமுறையில்தான். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வு இதைத்தான் காட்டியது. உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் இப்படிக் கலந்தபோது கிடைத்த விதைகள் அத்தனையும் உருண்டை. அவற்றை முளைக்க வைத்துத் தம் மகரந்தத்தாலேயே காய்க்க விட்டபோது, 7,324 விதைகளில் 1,850 சுருங்கியிருந்தன. மறைந்திருந்த குணம் வெளியே வந்துவிட்டது. அங்கே பார்த்தது ஒரு குணம். ஹைபிரிட் தக்காளியிலோ பல குணங்கள் ஒரே நேரத்தில் பிரிந்து கலைகின்றன. எனவே, சேமிக்க நினைப்பவர்கள் நாட்டு ரகத்தில் தொடங்குவதே நல்லது.

தக்காளி, தட்டைப்பயறு, அவரை, கொத்தவரை நான்கும் புதியவர்களுக்கு ஏற்றவை. தக்காளிப் பூவை உற்றுப் பாருங்கள்: மஞ்சள் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நின்று, பெரும்பாலான ரகங்களில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடியை உள்ளேயே மூடியிருக்கும். தன் மகரந்தம் தன் மீதே விழுவதால் வேறு ரகம் கலப்பது அரிது. விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான கூழ் முளைப்பைத் தடுப்பதால், விதையைக் கூழோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும். நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும்.

கத்தரிக்கும் வெண்டைக்கும் தன் மகரந்தமே போதும், ஆனால் தேனீக்களும் வந்து போகும். மலர்வதற்கு முந்தைய மாலையே மொட்டுக்கு ஒரு சிறு துணிப்பையைக் கட்டிவிட்டால் கலப்பு நேராது.

மெனக்கெட வேண்டியது பூசணி, சுரை, பாகல் வகைகளுக்கு. இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். மகரந்தத்தைத் தேனீ எந்த வீட்டுக் கொடியிலிருந்து கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. பூசணிப் பூ விடியலில் மலர்வதால், முந்தைய மாலையே நுனி மஞ்சளித்த ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிடுங்கள். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் தடவுங்கள். பிறகு பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் ஓர் அடையாளக் கயிறு. அந்தக் காயைச் சமையலுக்குப் பறிக்காமல் காம்பு காயும்வரை கொடியிலேயே விட வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. கலப்பு நேர்ந்தாலும் இந்த ஆண்டுக் காய் மாறாது; அதன் சதை தாய்க்கொடியின் உடம்பு. மாற்றம் விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த ஆண்டுக் கொடியில்தான் தெரியும். பக்கத்தில் பேய்ச்சுரை படர்ந்திருந்தால் அடுத்த ஆண்டுச் சுரைக்காய் கசக்கக்கூடும். அந்தக் கசப்பு நஞ்சு. கசக்கும் சுரைக்காயை ஒரு துண்டுகூடச் சாப்பிடாமல், கொடியையும் பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

இனி சேமிப்பு. உலர்ந்த விதையும் உயிருள்ளதே; மெல்ல மூச்சுவிட்டுத் தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. ஈரமும் வெப்பமும் அந்தச் செலவை விரைவுபடுத்துகின்றன. விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த தோராயக் கணக்குப்படி, விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. நம் பாட்டிமார் பூசணி விதையைச் சாண வறட்டியில் பதித்துக் காயவைத்ததும், பயறு விதையில் சாம்பல் கலந்ததும் இதைப் பட்டறிவால் அறிந்துதான். சாம்பல் ஈரத்தை உறிஞ்சுவதோடு, வண்டின் மேல்தோலில் உள்ள மெழுகுப் பூச்சைச் சிதைத்து அதையும் உலரவைக்கிறது.

நிழலில் காயவைத்த பூசணி விதையை வளைத்துப் பாருங்கள். வளையாமல் பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடியை அடியில் போட்டு, விதையைக் காகிதத்தில் பொதிந்து வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் திறக்காமல் புட்டியின் குளிர் முழுதும் தணியும்வரை பொறுக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் விதைமேல் படிந்துவிடும். மா, பலா போன்றவற்றின் விதைகளுக்கு இது எதுவும் ஒத்துவராது. அவை உலர்ந்தால் செத்துவிடும், எடுத்த கையோடு ஊன்ற வேண்டும்.

விதைக்கும் முன் பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். எட்டு முளைத்தால் குழிக்கு ஒன்று போதும். ஐந்துதான் முளைத்தது என்றால் இரண்டாகப் போடுங்கள்.