எஸ்இஓ: ‘உகப்பு’ என்றொரு நல்ல சொல்

“எஸ்இஓ பண்ணித் தர்றோம் சார். கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜ் கேரண்டி.” கோவையில் கிரைண்டர் விற்று, பழுதும் பார்க்கும் கடைக்காரர் ஒருவருக்கு அடிக்கடி இப்படி ஃபோன் வரும். ஒருநாள் என்னிடம் கேட்டார்: “அந்த எஸ்இஓங்கறது என்னதுங்க? விளம்பரமுங்களா, சாஃப்ட்வேருங்களா?”

சிறு கடைகளின் இணையதளங்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன் என்று விரித்துச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழில் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்பார்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “முருகனுக்கு உகந்த நாள்னு சொல்றோமே, அந்த உகந்ததுங்களா?” என்றார்.

அதே சொல்தான். ஆங்கிலத்தில் கேட்டு விளங்காதது அந்த ஒரு சொல்லில் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதி இதுதான்: கூகுள் போன்ற தேடுபொறியில் ஒருவர் தேடும்போது நம் பக்கம் அவர் கண்ணில் முன்னால் படும்படி அதைச் சீரமைப்பது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘போனுஸ்’ என்றால் நல்லது. ‘ஆப்டிமுஸ்’ என்றால் இருப்பதிலேயே மிக நல்லது. இறைவன் படைத்திருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் வாதிட்டார். அந்தக் கொள்கைக்குப் பெயராக 1737இல் பிரெஞ்சில் ‘ஆப்டிமிஸ்ம்’ பிறந்தது. ஆங்கிலத்துக்கு ஆப்டிமிசமும் ஆப்டிமிஸ்ட்டும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய ‘ஆப்டிமைஸ்’ என்ற வினைக்கு முதலில் நம்பிக்கையோடு பார்ப்பது என்றுதான் பொருள். உள்ளதைக் கொண்டு மிகச் சிறந்த பயன் பெறுவது என்ற பொருள் அடுத்து வந்தது. கணிதமும் பொறியியலும் அதை எடுத்துக்கொண்டன. 1990களின் பிற்பகுதியில் அது தேடுபொறியோடு ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்குத் ‘தேடுபொறி மேம்படுத்தல்’ என்று எழுதுவோரும் உண்டு. அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ‘சாலை மேம்படுத்தல்’ என்றால் சாலையை மேம்படுத்துவது. அப்படியே பார்த்தால் ‘தேடுபொறி மேம்படுத்தல்’ தேடுபொறியை மேம்படுத்துவதாகிவிடும். அந்த வேலையைக் கூகுள் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் மேம்படுத்துவது நம் பக்கத்தை.

‘உகப்பு’ இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. உகத்தல் என்ற வினை ‘கு’ உருபை இயல்பாகவே கேட்டு வாங்கும். சாமிக்கு உகந்த பூ, உடம்புக்கு உகந்த சாப்பாடு. ஆகவே தேடுபொறி உகப்பாக்கம் என்பதைத் தேடுபொறிக்கு உகந்ததாக ஆக்குதல் என்று நான்காம் வேற்றுமையில் விரிக்கலாம். யாருக்காக என்ற கேள்விக்கு விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதன் வயதும் கொஞ்சமில்லை. தொல்காப்பியம் உரியியலில் “உகப்பே உயர்தல் உவப்பே உவகை” என்று இரண்டையும் பிரித்துப் பொருள் சொல்கிறது. உகப்பு என்றால் உயர்வது, உவப்பு என்றால் மகிழ்வது. காலப்போக்கில் உகப்புக்கும் மகிழ்ச்சிப் பொருள் ஏறிவிட்டது. ஆழ்வார் பாசுரங்களிலும் அவற்றின் உரைகளிலும் உகத்தல் என்றால் மகிழ்ந்து விரும்புதல். இறைவன் விரும்பி எழுந்தருளிய தலங்களை ‘உகந்தருளின நிலங்கள்’ என்கிறது வைணவ மரபு. தேடுவோருக்குப் பிடித்திருப்பது, பட்டியலில் மேலே ஏறுவது என்று இன்று இரண்டு தனி வேலைகளாகப் பேசப்படுபவை இந்த ஒரே சொல்லுக்குள் கூடி நிற்கின்றன. ‘ஆக்கம்’ என்பதற்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு என்பது வியாபாரிகளுக்கு இனிப்பான செய்தி.

‘தேடுபொறி’யையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. தேடிய பொறி, தேடுகின்ற பொறி, தேடும் பொறி என மூன்று காலமும் அடங்கும். இலக்கணப் பாடத்துக்காகச் சொல்லவில்லை. கூகுள் வேலை செய்யும் விதமே இதுதான். நாம் ஒன்றைத் தட்டியதும் அது உலகமெங்கும் ஓடிப் போய்த் தேடுவதில்லை. முன்பே தேடிப் படித்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. அதிலிருந்துதான் எடுத்துத் தருகிறது. மாறியதைப் பார்க்கத் திரும்பவும் வரும். அதனால் இன்று காலை நீங்கள் திருத்தியது மாலையே தெரியவில்லை என்று பதற வேண்டாம். சில நாட்களும் ஆகும், சில வாரங்களும் ஆகும்.

உகந்தது என்றால் எது உகந்தது? கடைக்காரருடைய தளத்தைத் திறந்து பார்த்தோம். முகப்பின் தலைப்பு ‘ஹோம்’ என்று மட்டும் இருந்தது. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிகிற வரி பெரும்பாலும் அந்தத் தலைப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. விலைப்பட்டியலும் ஃபோன் எண்ணும் ஒரே பெரிய போஸ்டர் படத்துக்குள் இருந்தன. எழுத்தாக இருந்தது “தரமே எங்கள் தாரக மந்திரம்” மட்டும். மாவு அரைக்க வழியின்றி நிற்கும் எந்த வீட்டிலும் தாரக மந்திரத்தைத் தேடமாட்டார்கள்.

“ஃபோன்ல உங்களை என்ன கேட்கறாங்க? அப்படியே அவங்க வார்த்தையில எழுதுங்க” என்று ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். ‘ரெண்டு லிட்டர் டேபிள் டாப் என்ன விலைங்க’, ‘பெல்ட் அறுந்துபோச்சு’, ‘மாவு நைசா வர மாட்டேங்குது’, ‘கல்லு கொத்தித் தருவீங்களா’. கல் கொத்துவதுதான் அவருக்கு அதிகம் வரும் வேலை. தேய்ந்த கல்லை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கித் தருவார். அவருடைய தளம் முழுவதிலும் ‘கொத்து’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

அந்தப் பில் புத்தகத்தின் பின்பக்கம்தான் ‘கீவேர்ட்’ எனப்படுவது. ஆங்கிலத்தை ஒட்டித் திறவுச்சொல் என்பது ஆய்வுக்கட்டுரைகளில் நிலைத்துவிட்டது. கடைக்காரருக்குத் ‘தேடுசொல்’ என்பதே போதும், அதுவும் வினைத்தொகைதான். இந்தச் சொற்களைப் பக்கத்தின் மறைவில் ஒரு பட்டியலாகச் செருகித் தருவதாகச் சொல்லி இன்றும் சிலர் காசு வாங்குகிறார்கள். அந்தக் கீவேர்ட் குறிப்பை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. சொற்கள் வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரே சொல்லை இருபது முறை திணிப்பதாலும் பயனில்லை.

ஆகவே ‘ஹோம்’ போய், ‘கோவையில் கிரைண்டர் விற்பனை, சர்வீஸ், கல் கொத்துதல்’ என்ற தலைப்பு வந்தது. விலைப்பட்டியலைப் படத்திலிருந்து எழுத்தாக மாற்றினோம். கல் கொத்துவதற்குத் தனிப் பக்கம் வைத்தோம். எப்போது கொத்த வேண்டும், எவ்வளவு நேரமாகும், வீட்டுக்கு வந்து எடுத்துப் போவாரா என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் தனியாக எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. கூகுள் 2016இல் தொடங்கி 2023இல் முடித்த மாற்றத்துக்குப் பிறகு அட்டவணைக்காக அது படிப்பது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான். அதனால் எல்லாவற்றையும் அவருடைய ஃபோனிலேயே திறந்து, கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தோம்.

இணையதளமே இல்லாதவர்களும் முதலில் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: கூகுள் பிசினஸ் புரொஃபைல். கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் கடையின் விவரங்களைக் காட்டும் பதிவு அது. 2021 வரை மை பிசினஸ் என்ற பெயரில் இருந்தது. காசு கிடையாது. அக்கம்பக்கத்துத் தேடலில் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. தொலைவை நம்மால் மாற்ற முடியாது. தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்து, கடை திறக்கும் நேரம், விடுமுறை, எண், முகவரி ஆகியவற்றைத் தளத்தில் உள்ளபடியே கொடுத்து, வந்த விமர்சனங்களுக்கு மரியாதையாகப் பதில் எழுதினால் பொருத்தம் கூடும், பெயரும் வளரும். மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்துவீர்களானால் அதையும் போடுங்கள். வெயிலில் கிரைண்டரைத் தூக்கி வந்தவர் பூட்டிய கடையைப் பார்க்கக் கூடாது.

கேரண்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதையும் கூகுள் தன் வழிகாட்டலில் எழுதியே வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் விளம்பரம் வரும். விளம்பரமில்லாத பட்டியலில் அந்தப் பணத்துக்கு இடம் இல்லை. உகப்பை விலைக்கு வாங்க முடியாது என்று அவரிடம் சொன்னபோது, “அப்ப அந்த ஃபோனை எடுக்க வேண்டாமுங்க” என்றார்.

சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது என்று பார்க்கலாம். சில வாரம் கழித்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ‘கல் கொத்த’, ‘கல்லு கொத்துபவர்’, ஆங்கில எழுத்தில் தட்டிய ‘கிரைண்டர் கல் கொத்து’ என்று வந்திருந்தன. நடுவே ‘அம்மி கொத்த ஆள்’ என்றும் ஒரு வரி. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியைத் திரும்பப் படித்தார்.

“அம்மி கேட்டு நெறைய வருசமாச்சுங்க. எங்கப்பா கொத்துவாரு. எனக்கும் தெரியும்” என்றவர், பில் புத்தகத்தைத் திருப்பி அதையும் எழுதிக்கொண்டார்.