ஹேர் செல்லுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

உள்காதுல ஹேர் செல் பாதிச்சிருக்குன்னு ஈஎன்டி டாக்டர் சொன்னா நிறைய பேர் காது ஓட்டையில வளர்ற முடியைத்தான் நெனச்சுக்கிறாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அது வெளிக்காது, இது எலும்புக்குள்ள சுருண்டு கெடக்கிற காக்ளியாவுல, அதாவது செவிச்சுருள்ல இருக்கிற உணர்வு செல்.

இந்த செல்லோட தலையில குச்சி குச்சியா ஒரு கொத்து நிக்கும், குட்டை, நடுத்தரம், நெட்டைன்னு படிக்கட்டு மாதிரி. சத்தம் வந்து உள்ள இருக்கிற திரவம் அசைஞ்சா கொத்து நெட்டைப் பக்கமா சாயும், குச்சி நுனிகளைச் சேத்துக் கட்டியிருக்கிற மெல்லிய இழை இழுபடும், உடனே ஒரு வாசல் திறந்து பொட்டாசியம் உள்ள பாயும், கேக்குறதே அங்கதான் ஆரம்பிக்குது.

மைக்ரோஸ்கோப்ல அந்தக் கொத்து மயிர் மாதிரி தெரிஞ்சதால ஹேர்னு பேர் வந்துச்சு, மத்தபடி நம்ம தலைமுடி கெரட்டின், இது ஆக்டின், தசையில இருக்கிற அதே வகைப் புரதம். செல்ங்கிறது லத்தீன் செல்லா, சின்ன அறைன்னு அர்த்தம், 1665-ல ராபர்ட் ஹூக் தக்கையைப் பாத்துட்டு வச்ச பேரு.

தமிழ்ல ரோம செல்னு எழுதுறவங்க உண்டு. மயிர்னு எழுதக் கூச்சப்பட்டுத்தான் ரோமத்துக்குப் போறாங்கன்னு நெனைக்கிறேன், ஆனா 969-ஆவது குறள் மயிர்னுதான் தொடங்குது, மயிர்க்கூச்செறியுதுன்னு இன்னிக்கும் எழுதுறோம், அதுல என்ன கூச்சம்? இலங்கைத் தமிழ்ல செல்லைக் கலம்னு சொல்வாங்க, அப்ப மயிர்க்கலம். சுருக்கமா இருக்கு, சொல்லவும் நல்லா வருது, என் ஓட்டு இதுக்குத்தான்.

சரி, மயிர்க்கலத்தை உருவாக்குறது யாரு? ஏடிஓஹெச்1-னு ஒரு மரபணு. கரு வளரும்போது அந்த இடத்து செல்லெல்லாம் ஆரம்பத்துல ஒரே மாதிரிதான் இருக்கும், எதுல இந்த மரபணு வேலை செய்யத் தொடங்குதோ அது மயிர்க்கலமா மாறும், மாறுறப்பவே நாட்ச்ங்கிற சிக்னல் வழியா பக்கத்து செல்லை நீ மாறாதேன்னு தடுத்துடும், தடுக்கப்பட்டது தாங்கு செல் ஆயிடும். 1999-ல இந்த மரபணு இல்லாத எலியில மயிர்க்கலமே உருவாகலைன்னு காட்டினாங்க. இதோட பூர்வீகப் பேரு ஏடோனல், பழ ஈயில கண்டுபிடிச்சது, ஈயோட கேட்கும் உறுப்பு உருவாகவும் அதுதான் வேணும்னா பாத்துக்குங்க எவ்வளவு பழைய சொத்துன்னு! உருவான கலம் முதிர்ந்து உயிரோட நிலைக்க பிஓயு4எஃப்3-னு இன்னொரு மரபணு வேணும், அதுல கோளாறு இருக்கிறவங்களுக்குப் பிறக்கும்போது காது கேட்டாலும் வளர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா மந்தமாகும்.

ஒரு காதுக்கு உள்வரிசையில சுமார் 3,500, வெளிவரிசைகள்ல சுமார் 12,000, அவ்வளவுதான் நம்ம கையிருப்பு. எல்லாம் பிறக்குறதுக்கு முன்னாடியே உருவாகி முடிஞ்சுடும், போனா திரும்ப வராது. கோழிக்கு வரும், நமக்கு வராது. ஹெட்போன்ல சத்தத்தைக் குறைங்கன்னு பிள்ளைங்களைக் கெஞ்சுறது இதனாலதான்.

ஆனா பிறவிச் செவித்திறன் குறைவு எல்லாத்தையும் மயிர்க்கலம் இல்லாததால வந்ததுன்னு எழுதிடக் கூடாது, இந்தத் தப்பு நெறைய எடத்துல பாக்குறேன். ஓட்டோஃப் மரபணுவுல பிழைன்னா கலம் இருக்கும், சத்தத்தையும் வாங்கும், நரம்புக்குக் கைமாத்தத்தான் முடியாது, இந்த வகைக் குழந்தைகளுக்கு வைரஸ் வழியா நல்ல மரபணுவைச் செலுத்திக் கேக்க வச்ச சீன மருத்துவர்களோட முடிவு 2024-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. உலகத்துல நிறைய நாடுகள்ல அதிகமா காணப்படுற ஜிஜேபி2 மரபணுப் பிழை மயிர்க்கலத்துலயே இல்ல, சுத்தி இருக்கிற தாங்கு செல்லுல. ரெண்டு பெற்றோர்ட்ட இருந்தும் பிழையுள்ள பிரதி வந்தாத்தான் இது பெரும்பாலும் வெளிப்படும், அத்தை மகன் மாமன் மகள்னு சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல அந்த வாய்ப்பு கூடும், அப்படி வீட்ல ஏற்கெனவே ஒரு குழந்தைக்குக் கேட்கலைன்னா அடுத்த குழந்தைக்கு முன்னாடி மரபணு ஆலோசனை கேட்டுக்கிறது நல்லது.