கிளாரினெட் வழுக்கி ஏறும்போது வாய்க்குள் என்ன நடக்கிறது?

ஜாஸும் மேற்கத்திய செவ்வியல் இசையும் கலந்த படைப்புகளை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ'வில் முதல் சில விநாடிகளே போதும் என்பேன். 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் அரங்கில் பால் வைட்மேன் குழு அதை அரங்கேற்றியது. எடுத்த எடுப்பிலேயே தனிக் கிளாரினெட் ஒன்று கீழ் ஸ்வரத்தில் துடித்து, ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி மேலே ஏறும். கெர்ஷ்வின் எழுதியிருந்தது படிப்படியாக ஏறும் ஸ்வர வரிசைதான். ஒத்திகையில் குழுவின் கிளாரினெட் கலைஞர் ராஸ் கோர்மன் விளையாட்டாக அதை வழுக்கவிட, கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போயிற்று. அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

வயலினில் விரலை இழுத்தால் சுருதி வழுக்கும். கிளாரினெட்டில் இருப்பவை துளைகள். ஒன்றைத் திறந்தால் சுருதி தாவத்தான் செய்யும். விரலை மெல்ல நகர்த்தித் துளையைப் பாதி மட்டும் திறக்கலாம். ஆனால் அந்த நீண்ட வழுக்கலுக்கு அது போதாது.

சரி, வேறு எது? ஊதும் முனையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் தகடுதான் ரீட். வழக்கமாக அது எந்த வேகத்தில் அதிர வேண்டும் என்பதைக் குழலுக்குள் இருக்கும் காற்றின் ஒத்ததிர்வு, அதாவது அந்தக் காற்று தனக்கு இயல்பான வேகத்தில் வலுவாக அதிர்வது, முடிவு செய்யும். இது பள்ளியில் படித்ததுதான். ஆனால் ரீடுக்கு இந்தப் பக்கமும் காற்று இருக்கிறது: வாசிப்பவரின் வாய், தொண்டை. அதற்கும் சொந்த ஒத்ததிர்வு உண்டு. பெரும்பாலும் அது வலுவற்றது, குழலே ஜெயிக்கும். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோ வுல்ஃப் குழுவினர், ஊதும் முனைக்குள் நுண்குழாய் பொருத்தி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் அளந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேர்ந்த கலைஞர் நாக்கின் நிலையை மாற்றித் தொண்டையின் ஒத்ததிர்வைக் குழலுக்குச் சமமாக வலுவாக்கிவிடுகிறார். அப்போது ரீட், கயிறு இழுக்கும் போட்டியில் நடுவே கட்டிய கைக்குட்டை மாதிரி. விரல்கள் மேல் ஸ்வரத்துக்கு முன்னாலேயே போய்விட்டாலும், தொண்டை சுருதியைக் கீழேயே பிடித்து வைத்து மெதுவாக விட்டுக்கொடுக்கிறது. எனக்கு இதில் சலிக்காத வியப்பு: காதுக்கு விரல் வித்தையாகத் தெரிவது பாதிக்கு மேல் நாக்கின் வேலை!

கீழ் ஸ்வரங்களில் இது பலிக்காது. வாய்க்குள் அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் போதிய வலு கிடைப்பதில்லை. அதனால்தான் ஏற்றத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் விரைவான ஸ்வர ஓட்டமாகவே இருக்கும். உண்மையான வழுக்கல் மேலே போன பிறகுதான். கேட்கும்போது அந்த மாறும் இடத்தைப் பிடித்துப் பாருங்கள்.

ஏ.கே.சி. நடராஜன் இதே கருவியில் கர்நாடக இசையின் கமகங்களை, அதாவது ஸ்வரங்களை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் நுணுக்கங்களை, வாசித்துக் காட்டியவர். நம் ஊர்க் கிளாரினெட் கலைஞர்கள் கமகம் வாசிக்கும்போது தொண்டையில் என்ன நடக்கிறது என்றும் அளந்து பார்க்கலாம். நிதி கேட்டுப் போனால், "இதனால் என்ன பயன்?" என்று மனு திரும்பி வரும் என்பது வேறு விஷயம்.