டோமுக்கு முன்னால் 30 சென்ரிமீற்றர்

திருகோணமலையின் நிலாவெளிக் கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அப்பால் உள்ள புறாத்தீவில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கிக் கிடக்கும். அந்தத் தெளிந்த நீரிலும், முருகைக்கல்லை மூன்று மீற்றர் எட்டி நின்று எடுத்தால் படம் நீலம் பூத்து மங்கித்தான் வரும். சிவப்பு ஒளியை நீர் முதலில் விழுங்கிவிடும்; மிதக்கும் துகள்கள் மிச்சத்தைச் சிதறடிக்கும். அதனால் கடலுக்குக் கொண்டுபோகும் லென்ஸ் பொருளுக்கு மிகக் கிட்டப் போய்க் குவியக்கூடியதாக இருக்கவேண்டும்.

நீரின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு, 1.33. கமராவை நீர் புகாமல் மூடும் உறையான ஹவுசிங்கின் முன்கண்ணாடி தட்டையாக இருந்தால் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பார்வைக் கோணம் குறுகும். முழுச்சட்டகக் கமராவில் (படம் பதியும் உணரி 35 மில்லிமீற்றர் ஃபிலிம் சட்டகமளவு உள்ளது) 24 மில்லிமீற்றர் லென்ஸின் 84 டிகிரி அங்கே 60 ஆகிவிடும். ஓரங்களில் நிறம் பிரியும். சிறு உயிர்களைப் பெரிதாக எடுக்கும் 60, 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸ்களுக்கு இதனால் இழப்பில்லை, உருப்பெருக்கம் இலாபம்தான். கலங்கிய நாளில் 60 நல்லது: கிட்டப் போய் எடுப்பதால் இடையில் நீர் குறைவு. கிட்டப் போனதும் வளைக்குள் ஒளியும் இறாலுக்கு 100 வேண்டும்.

அகலக் கோணத்துக்கு அரைக்கோளக் கண்ணாடியான டோம் தேவை. பலர் காசை வீணாக்குவது இங்கேதான். நீருக்குள் டோம் தானே ஒரு குழிவு லென்ஸாக வேலை செய்கிறது. தூரத்துப் பொருளின் மாயவிம்பம், டோமின் ஆரையைப்போல் மூன்று மடங்கு தூரத்தில், கண்ணாடிக்கு முன்னால் விழும். 10 சென்ரிமீற்றர் ஆரை என்றால் 30 சென்ரிமீற்றர். 5 என்றால் வெறும் 15. கமரா குவிப்பது அந்த விம்பத்தில். பொருள் நெருங்க விம்பமும் நெருங்கும்: பெரிய டோமுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னாலுள்ள முருகைக்கல்லின் விம்பம் 13 சென்ரிமீற்றரிலேயே நிற்கும். ஆகவே வாங்குமுன் லென்ஸ் குவியக்கூடிய மிகக்குறைந்த தூரத்தைப் பாருங்கள். அது உணரியிலிருந்து அளக்கப்படுவது. 50 சென்ரிமீற்றர் என்றிருக்கும் லென்ஸ் கரையில் எவ்வளவு கூர்மையானாலும் இங்கே உதவாது. ஏறத்தாழ 180 டிகிரி பார்க்கும் மீன்கண் லென்ஸ்கள் பல 15, 16 சென்ரிமீற்றரிலேயே குவிவதால் சிறு டோமிலும் ஒத்துவரும்.

லென்ஸின் நுழைதுளை (முன்னாலிருந்து பார்க்கையில் தெரியும் துவாரம்) டோமின் வளைவுமையத்தில் அமையவேண்டும். அதற்குத்தான் டோமுக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் பூட்டும் நீட்டிப்பு வளையம். சரிபார்ப்பது எளிது. தொட்டி நீரில் டோமைப் பாதி அமிழ்த்தி, நீர்மட்டத்தைக் குறுக்கே வெட்டுமாறு செங்குத்தாக நிறுத்திய அளவுகோலைப் படமெடுங்கள். கோடுகளின் இடைவெளி நீருக்கு மேலும் கீழும் ஒத்திருந்தால் வளையம் பொருத்தம். பொருந்தினாலும் விம்பம் வளைந்தே இருப்பதால் மூலைகள் குழையும். அதைக் குறைக்க, முழுச்சட்டகத்தில் எஃப்8 முதல் எஃப்13 வரை துவாரத்தைச் சுருக்குங்கள்.

புறாத்தீவின் கருமுனைச் சுறா கிட்ட வராது. மீன்கண்ணில் அது புள்ளியாகிவிடும். 16–35 ஸூமின் 35 முனை போதும். திருகோணமலைச் சுவாமி மலையடியில் மூழ்கிக் கிடக்கும் கற்தூண்களுக்கோ மீன்கண்தான்: ஒரு முழம்வரை நெருங்கலாம், முழுத்தூணும் சட்டகத்துக்குள் அடங்கும். நீருக்கடியில் லென்ஸ் மாற்ற முடியாது, எதைத் தேடி இறங்குகிறோம் என்பதைப் படகிலேயே முடிவுசெய்யுங்கள். நெருங்கும்போது செட்டைக்காலை உயர்த்தியே வையுங்கள். ஒரு உதையில் உடையும் முருகைக்கல் வளர்ந்தது பல ஆண்டுகளில்.